உலுக்கிப் பார்த்தால்தான் தெரியும்: வாயு சீல்களும் சுழல் இயந்திர அதிர்வும்



1971-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கேபாப் எரிவாயு ஆலையில், புதிதாக நிறுவிய உயரழுத்த கம்ப்ரசர் ஒன்றை முழுச் சுமைக்குக் கொண்டுபோக முடியாமல் பொறியாளர்கள் மாதக்கணக்கில் திண்டாடினார்கள். 1974-ல் நார்வேயின் வடகடல் பகுதியில், எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில், அதே தொல்லை இன்னும் பெரிதாக வந்தது. அங்கே வாயுவை 600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பூமிக்கடியில் பாறை அடுக்குக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும். அழுத்தத்தை ஏற்றினால் ரோட்டார் ஆடத் தொடங்கிவிடும். 1976-ல் அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பிரதான எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜனைத் தள்ளும் டர்போபம்பிலும் இதே கூத்துதான். நிமிடத்துக்கு 37,000 சுற்றுக்கு அருகே ஓட வேண்டிய அந்தப் பம்ப் அந்த வேகத்தை எட்ட முடியாமல் அதிர்ந்து, எஞ்சின் சோதனைகளையே பல மாதம் பின்னுக்குத் தள்ளியது.

மூன்றும் பேலன்ஸிங் செய்து தீரும் நோய் அல்ல. பேலன்ஸ் கெட்டிருந்தால் ரோட்டார் ஒரு சுற்றுக்கு ஒரு முறை அதிரும். அதன் அதிர்வெண்ணும் சுழற்சி வேகமும் ஒன்றாக இருக்கும். இவற்றிலோ சுழற்சி வேகத்தைவிடக் குறைந்த ஒரு அதிர்வெண்ணில், ஷாஃப்டின் சொந்த அதிர்வெண்ணில், ஆட்டம் எழுந்தது. யாரும் தள்ளாமலே எழுந்து, தானாகவே வளர்ந்தது. மூன்றுக்கும் சீல்தான் ஒரே குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. ஷாஃப்ட் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தது, பேரிங் போதுமான தணிப்பைத் தரவில்லை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த விசாரணைகளுக்குப் பிறகுதான் சீலையும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க வேண்டும் என்ற எண்ணம் தொழிலில் பரவலாக வந்தது. அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

எந்த சீல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலையில் வேலை பார்ப்பவர்கள் கேஸ் சீல் என்றதும் ஷாஃப்டின் இரு முனையிலும் கார்ட்ரிட்ஜாக வரும் டிரை கேஸ் சீலை நினைப்பார்கள். நான் பேசப்போவது கம்ப்ரசருக்கு உள்ளே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கும் சீல்கள். இம்பெல்லரின் கண்ணைச் சுற்றி ஒன்று, ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாக பேலன்ஸ் பிஸ்டன் மேல் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கம்ப்ரசர் உண்டாக்கும் அழுத்தம் முழுவதும் அந்த ஒரே சீலின் நீளத்துக்குள் இறங்கியாக வேண்டும். இம்பெல்லர்களை முதுகோடு முதுகாக அடுக்கிய கம்ப்ரசரில் நடுச்சுவர் சீலில் ஏறக்குறைய பாதி அழுத்தம் இறங்கும். அது ஷாஃப்டின் நட்டநடுவில், வளையும்போது அதிகம் அசைகிற இடத்தில், உட்கார்ந்திருக்கிறது. கெடுதல் செய்ய அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இவற்றில் பழையது லேபிரிந்த். வரிசையாகக் கூரிய பற்கள், பல்லுக்குப் பல் ஒரு சிறு அறை. வாயு ஒவ்வொரு பல்லையும் தாண்டும்போது கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். ஷாஃப்டைத் தொடுவதில்லை, 0.2 மி.மீ. போன்ற இடைவெளி இருக்கும். தொடாத ஒன்று ஷாஃப்டை எப்படி ஆட்டும் என்று கேட்கலாம். வாயு நேராக உள்ளே வருவதில்லை. இம்பெல்லரின் முதுகைத் தடவிக்கொண்டு வருவதால், சீல் வாசலுக்கு வரும்போதே ஷாஃப்ட் சுழலும் திசையில் வேகமாகச் சுழித்துக்கொண்டு வருகிறது. பற்களுக்கு நடுவே உள்ள வளைய அறைகளில் அந்தச் சுழிப்பு தொடர்கிறது. ஷாஃப்ட் மையத்திலிருந்து ஒரு இழை விலகியதும், இடைவெளி ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிகிறது. சுழித்துவரும் வாயுவின் அழுத்தம் வட்டத்தைச் சுற்றி ஏறி இறங்குகிறது. அதன் ஏற்றம் ஷாஃப்ட் விலகிய பக்கத்தில் நேராக விழாமல், கொஞ்சம் தள்ளி விழுகிறது. அதனால் பிறக்கும் விசையில் ஒரு பகுதி விலகலுக்குச் செங்குத்தாக இருக்கும். ஷாஃப்ட் வலப்பக்கம் விலகினால், வாயு அதை மேலே தள்ளும். மேலே போனால் இடப்பக்கம் தள்ளும். ஊஞ்சல் போகிற திசையிலேயே ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டுத் தட்டுவது போல, ஷாஃப்டின் வட்ட ஆட்டத்துக்கு இந்த விசை ஓயாமல் சக்தி ஊட்டுகிறது. ஆலைகளில் இந்த ஆட்டத்தை வேர்ல் என்பார்கள்.

இப்படி ஒரு விசை இருக்கக்கூடும் என்பதைப் பேசியவர்களில் முந்தியவர் ஜெர்மனியின் தாமஸ். நீராவி டர்பைன்களில் சுமை ஓர் எல்லையைத் தாண்டியதும் அதிர்வு எழுவதை அவர் 1958-ல் இடைவெளி மாற்றத்தோடு தொடர்புபடுத்தினார். 1965-ல் ஆல்ஃபர்ட் அதே கருத்தை ஜெட் எஞ்சின்களுக்கு எழுதினார். இருவரும் தந்தது விளக்கம். எண் வேண்டுமானால் அளக்க வேண்டும். அந்த வேலையை ஸ்டுட்கார்ட்டில் பெங்கெர்ட்டும் வாக்டரும் செய்தார்கள். லேபிரிந்துக்குள் ஷாஃப்டை வேண்டுமென்றே மையம் விலக்கி வைத்து, வட்டத்தைச் சுற்றி அழுத்தத்தை அளந்து, செங்குத்து விசையைக் கணக்கிட்டார்கள். அவர்கள் கண்டதில் பெரிய சங்கதி, அந்த விசை வாயுவின் நுழைவுச் சுழிப்பைப் பொறுத்தது என்பது. சுழிப்பை வாசலிலேயே உடைத்தால் விசை சரிந்துவிடும். அதற்காக சீலின் முகப்பில் சிறுசிறு ஆரத் தடுப்புகளை வைத்துப் பார்த்தார்கள். இன்று ஸ்வர்ல் பிரேக் என்று கம்ப்ரசர் வரைபடங்களில் சாதாரணமாகக் காண்பது அதுதான். 1980-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நாசாவின் ஆதரவோடு ரோட்டார் நிலையின்மை பற்றி ஒரு பட்டறை நடந்தபோது இந்த அளவீடுகள் அங்கே வைக்கப்பட்டன. கேபாபும் எகோஃபிஸ்க்கும் அதற்குள் எல்லாரும் அறிந்த கதைகள் ஆகியிருந்தன.

ஆனால் ஷாஃப்டை நகர்த்தி நிறுத்தி வைத்து அளந்தால் விறைப்பு மட்டும்தான் கிடைக்கும். தணிப்பு கிடைக்காது. தணிப்பு என்பது அசையும்போது மட்டும் பிறக்கும் விசை. ஆகவே அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும். டெக்சஸில் டாரா சைல்ட்ஸும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகள் செய்தது இந்த வேலையைத்தான். அந்தச் சோதனை மேடையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு.

நிஜக் கம்ப்ரசரில் ரோட்டார் ஆடும், கூடு நிற்கும். மேடையில் தலைகீழ். ரோட்டாரை அசையாத விறைப்பான பேரிங்குகளில் சுழலவிட்டு, சீலைத் தாங்கிய ஸ்டேட்டரை அந்தரத்தில் தொங்கவிட்டு, அதை ஆட்டுகிறார்கள். யார் ஆடினால் என்ன, வாயுவுக்குத் தெரிவது இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி மட்டும்தான். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு ஹைட்ராலிக் ஷேக்கர்கள் ஸ்டேட்டரைப் பிடித்திருக்கும். வாயு நடுவில் நுழைந்து இரு பக்கமும் பிரிந்து, ஒரே மாதிரியான இரண்டு சீல்கள் வழியே வெளியேறும். ஒரு சீல் மட்டும் இருந்தால் 70 பார் அழுத்தம் ஸ்டேட்டரை அச்சுத் திசையில் தூக்கி எறிந்துவிடும். இரண்டு இருந்தால் தள்ளுவிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கிடைத்த எண்ணை இரண்டால் வகுத்துக்கொள்ளலாம். ரோட்டாரின் விட்டம் ஏறக்குறைய 114 மி.மீ.; வேகம் நிமிடத்துக்கு 20,200 சுற்று வரை. அந்த வேகத்தில் அதன் மேற்பரப்பு நொடிக்கு 121 மீட்டர் ஓடுகிறது. வாயு நுழையும் இடத்தில் சாய்ந்த துளைகள் கொண்ட வளையங்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, சுழிப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம்.

அளக்கும் கருவிகள் மூன்று வகை. ஷேக்கர் தண்டில் விசையைச் சொல்லும் லோட் செல். ஸ்டேட்டர் மேல் முடுக்கத்தைச் சொல்லும் ஆக்ஸலரோமீட்டர். ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் இடையே தொடாமல் தூரம் பார்க்கும் ப்ராக்ஸிமிட்டி ப்ரோப். முதலில் எக்ஸ் திசையில் ஆட்டு, பிறகு ஒய் திசையில் ஆட்டு. நான்கு சமன்பாடுகள் கிடைக்கும். அவற்றிலிருந்து நேர் விறைப்பு, குறுக்கு விறைப்பு, நேர்த் தணிப்பு, குறுக்குத் தணிப்பு எல்லாம் வெளிவரும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களைக் கலந்து ஆட்டுவார்கள். ஆனால் மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் ரோட்டாரின் சுழற்சி அதிர்வெண்ணையும் தவிர்த்துவிடுவார்கள். அந்த இடங்களில் வரும் சமிக்ஞை சீலுடையதா, வேறொன்றுடையதா என்று பிரிக்க முடியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இந்த அளவீடு ஏன் சிரமம் என்பது இதில் தெரிந்துவிடும். ஸ்டேட்டரின் எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 10 மைக்ரான் வீச்சில் ஆட்டுகிறோம். சீலின் குறுக்கு விறைப்பு மீட்டருக்கு 10 லட்சம் நியூட்டன் என்றால் சீல் தரும் குறுக்கு விசை 10 நியூட்டன், ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமம். ஆனால் ஸ்டேட்டரின் நிறையையே அசைக்க 100 ஹெர்ட்ஸில் 79 நியூட்டன் வேண்டும். 300 ஹெர்ட்ஸில் 711 நியூட்டன். அந்த 711-ஐக் கழித்துவிட்டு 10-ஐத் தேட வேண்டும். ஆக்ஸலரோமீட்டரில் ஒரு சதவீதப் பிழை இருந்தால் ஏழு நியூட்டன் போயிற்று. அதைவிட மோசம் கட்டப் பிழை. விசைச் சமிக்ஞைக்கும் முடுக்கச் சமிக்ஞைக்கும் நடுவே ஒரே ஒரு டிகிரி பிசகினாலும், 711-இல் 12 நியூட்டன் தணிப்பு வேடம் போட்டுக்கொண்டு வந்துவிடும். இல்லாத தணிப்பை இருப்பதாக எழுதிவிடுவோம், கம்ப்ரசர் வாங்கியவர் அதை நம்பி ஓட்டுவார். அதனால்தான் சீல் இல்லாமல் அதே மேடையை ஆட்டி, அந்த அடிப்படை அளவைக் கழிக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமான வேலை என்பதால், பிழை எல்லையைச் சொல்லாமல் தணிப்பு எண்ணை மட்டும் நீட்டும் அறிக்கையை நான் ஓரமாக வைத்துவிடுவேன்.

கிடைத்த எண்களை வைத்துத் தீர்ப்பு சொல்வது எப்படி? குறுக்கு விறைப்பு ஆட்டத்தை வளர்க்கிறது, நேர்த் தணிப்பு அடக்குகிறது. இரண்டையும் ஒன்றாக எடை போட, குறுக்கு விறைப்பை ஆட்டத்தின் கோண அதிர்வெண்ணால் வகுத்துத் தணிப்பிலிருந்து கழிக்கிறோம். மிச்சமிருப்பது பயனுள்ள தணிப்பு. மேலே சொன்ன 10 லட்சத்தோடு, தணிப்பு 2,000 நியூட்டன்-நொடி ஒரு மீட்டருக்கு என்று இருந்தால், 80 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் சமம். அதற்கு மேலே சீல் நண்பன், கீழே எதிரி. ஒரே சீல், ஒரே வாயு, ஒரே அழுத்தம். ஷாஃப்டின் முதல் சொந்த அதிர்வெண் 70-ஆ 110-ஆ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நல்ல சீல் எது?" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை, எந்த ஷாஃப்டுக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

1982-ல் நாசாவின் வான் பிராகனோ ஒரு யோசனை சொன்னார். சுழலும் பக்கத்தை வழவழப்பாகவும் நிற்கும் பக்கத்தைச் சொரசொரப்பாகவும் வைத்தால், வாயுவின் சுழிப்பு சீலுக்குள்ளேயே தேய்ந்து குறையும். அதிலிருந்து வளர்ந்தவை தணிப்பு சீல்கள். தேன்கூடு போல அறுகோண அறைகள் கொண்ட ஹனிகோம் சீல் ஒன்று. அதைச் செய்வது கடினம், ரோட்டார் உரசினால் உலோகத் தகடுகள் ஷாஃப்டைக் கீறும். பிறகு அலுமினியம் போன்ற உலோக வளையத்தில் வட்டத் துளைகளைத் துளைத்தெடுத்த ஹோல் பேட்டர்ன் சீல் வந்தது. இவை கசிவையும் குறைத்து, லேபிரிந்தைவிடப் பலமடங்கு தணிப்பும் தந்தன.

கூடவே ஒரு விசித்திரமும் வெளிப்பட்டது. லேபிரிந்தில் விறைப்பும் தணிப்பும் ஆட்டும் அதிர்வெண்ணைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. ஹோல் பேட்டர்னில் மாறுகிறது, நன்றாகவே மாறுகிறது. துளைகளுக்குள் வாயு போய் வந்து அமுங்கி விரிவதால், சீலுக்குள் ஒலி பரவும் வேகமே குறைந்துவிடுகிறது. ஒலி ஒத்ததிர்வுகள் நம்முடைய அதிர்வெண் எல்லைக்குள் இறங்கி வந்துவிடுகின்றன. க்ளெய்ன்ஹான்ஸும் சைல்ட்ஸும் 1997-ல் இதற்குக் கோட்பாடு எழுதினார்கள். நடைமுறையில் இதன் பொருள், 200 ஹெர்ட்ஸில் அளந்த எண்ணை எடுத்துக்கொண்டு 80 ஹெர்ட்ஸ் கணக்கைப் போடக்கூடாது என்பதுதான். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் தனியாக அளக்க வேண்டும்.

இது மேடைக் கதை. ஆலையில் என்ன நடக்கிறது? கட்டுப்பாட்டு அறைப் பலகையில் ஒவ்வொரு பேரிங்குக்கும் மைக்ரானில் ஒரு எண் ஓடும். பேரிங்குக்குப் பக்கத்தில் 90 டிகிரி இடைவெளியில் இரண்டு ப்ரோப்கள் இருக்கும். ஒற்றை எண்ணை நம்புகிறவர்கள்தான் அதிகம். கம்ப்ரசர் 12,000 சுற்றில், அதாவது 200 ஹெர்ட்ஸில், ஓடுகிறது. மொத்த அதிர்வு 18 மைக்ரான். ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து பார்த்தால் 85 ஹெர்ட்ஸில் ஒரு சின்ன முள், ஒன்றோ இரண்டோ மைக்ரான். மொத்த எண்ணில் அது தெரியவே தெரியாது. ஆர்பிட்டைப் பார்த்தால் வட்டம் ஒரே தடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். நாளைக்கு டிஸ்சார்ஜ் அழுத்தம் ஐந்து பார் கூடினால் அந்த முள் ஒரு நொடிக்குள் 60 மைக்ரானாக வளர்ந்து ட்ரிப் அடிக்கலாம். வளராமலும் போகலாம். முள்ளின் உயரத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தணிப்பு ஓரளவு இருக்கும்வரை முள்ளே எழாது. எழும்போது விளிம்புக்கு வந்திருப்போம்.

அதனால் ஆலையிலும் உலுக்கிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. தயாரிப்பாளரின் சோதனைக் கூடத்தில் ஷாஃப்டின் ஒரு முனையில், தொடாமல் இழுக்கும் காந்த எக்ஸைட்டரைப் பொருத்துகிறார்கள். கம்ப்ரசர் முழு வேகத்தில், முழு அழுத்தத்தில் ஓடும்போதே, அதன் சொந்த அதிர்வெண்ணைத் தேடி மெல்லிய விசையால் ஆட்டுகிறார்கள். ஷாஃப்ட் எவ்வளவு அசைந்தது, ஆட்டம் எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதிலிருந்து லாக் டெக் என்ற தணிவு எண் கிடைக்கும். லாக் டெக் 0.1 என்றால் ஒவ்வொரு அலைவிலும் வீச்சு சுமார் பத்து சதவீதம் குறைகிறது. சுழியம் என்றால் அடங்காது, அதற்குக் கீழே போனால் வளரும். 2002-ல் வந்த, கம்ப்ரசர்களுக்கான ஏபிஐ 617 தரநிலையின் ஏழாம் பதிப்பு, விரிவான ஆய்வில் இந்த 0.1-ஐத்தான் குறைந்தபட்சமாக வைத்தது.

அதே 2002-ல் 6,000 பிஎஸ்ஐ, அதாவது 414 பார் அளவுக்கான மறுசெலுத்து கம்ப்ரசர் ஒன்றை இப்படி அழுத்தம் ஏற்ற ஏற்ற ஆட்டிப் பார்த்த முடிவுகள் டர்போமெஷினரி கருத்தரங்கில் வெளிவந்தன. அழுத்தம் ஏறினால் நிலைத்தன்மை குறையும் என்பதுதான் எகோஃபிஸ்க் கற்பித்த பாடம். இங்கே தணிப்பு சீல் போட்ட ரோட்டாரில் அழுத்தம் ஏற ஏற லாக் டெக்கும் ஏறியது. அழுத்தத்தையே தணிப்பாக மாற்றிக்கொண்டது அந்த சீல்.

உடனே எல்லா லேபிரிந்துகளையும் கழற்றிவிட்டு ஹோல் பேட்டர்ன் போட்டுவிடலாமா? 2003-ல் அதே கருத்தரங்கில் வந்த இன்னொரு ஆய்வு கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஹனிகோம் சீல் போட்ட உயரழுத்த கம்ப்ரசரே நிலை குலைந்தது. காரணம் இடைவெளியின் வடிவம். அழுத்தமும் வெப்பமும் சீலை வளைத்ததில், வாயு வெளியேறும் பக்கம் இடைவெளி நுழையும் பக்கத்தைவிட அகன்றுவிட்டது. விரியும் இடைவெளி இருந்தால் சீலின் நேர் விறைப்பு எதிர்மறையாகும். ஷாஃப்டைப் பிடித்து நிறுத்துவதற்குப் பதில் வெளியே இழுக்கும். அதனால் ஷாஃப்டின் சொந்த அதிர்வெண் தாழ்ந்து, நான் சொன்னேனே, எதிரிப் பக்கம், அதற்குள் விழுந்துவிட்டது. சீலை நுழைவில் அகலமாகவும் வெளியேற்றத்தில் குறுகலாகவும் கடைந்தால் அந்த ஆபத்து விலகும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் பேசுகிறோம் என்பதை மறக்காதீர்கள்.

இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்களுக்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று. இது அதிர்வுப் பிரச்சினை அல்ல, ஆனால் சீல் பற்றியது. 2007-ல் நம் மகேந்திரகிரியில் முழு நேரம் எரித்துச் சோதித்த உள்நாட்டுக் கிரையோஜெனிக் நிலை, 2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி டி-3 ராக்கெட்டில் பறந்தது. ஹைட்ரஜன் பூஸ்டர் டர்போபம்ப் 34,800 சுற்றை எட்டியபின் வேகம் இறங்கி, ஒரு நொடிக்குள் நின்றேவிட்டது. இஸ்ரோவின் ஆய்வு இரண்டு சாத்தியங்களைச் சொன்னது. டர்பைன் கூடு வெடித்திருக்கலாம் என்பது ஒன்று. சீல் ஒன்று ரோட்டாரைப் பிடித்து இறுக்கியிருக்கலாம் என்பது மற்றது. கடுங்குளிரில் ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு அளவு சுருங்கும். அறை வெப்பத்தில் அளந்த இடைவெளி ஓடும்போது இருக்கும் இடைவெளி அல்ல.

கம்ப்ரசர் வாங்கும் ஆவணங்களைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். சீல் பகுதியில் கசிவு எவ்வளவு, பொருள் என்ன, எத்தனை உதிரி என்று மூன்று பக்கம் இருக்கும். எந்த அழுத்தத்தில், எந்தச் சுழிப்பில், எந்த அதிர்வெண் வரிசையில் அதன் விறைப்பும் தணிப்பும் அளக்கப்பட்டன என்று ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரியைக் கேளுங்கள். ஓவர்ஹாலில் பேலன்ஸ் பிஸ்டன் சீலை மாற்றும்போது பழைய இடைவெளியையும் புதிய இடைவெளியையும் நுழைவு, வெளியேற்றம் இரண்டு முனையிலும் தனித்தனியாக எழுதி வையுங்கள். சராசரி எடுத்து ஒரே எண்ணாக எழுதினால், விரிகிறதா குறுகுகிறதா என்ற தகவல் அந்தச் சராசரியிலேயே காணாமல் போய்விடும். ஸ்வர்ல் பிரேக் பற்கள் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். அழுக்கு படிந்து ஹோல் பேட்டர்ன் துளைகள் அடைபட்டிருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தணிப்பு சீல் இப்போது வெறும் வழவழப்பான வளையம். சுத்தம் செய்யாமல் திரும்ப மாட்டாதீர்கள்.

நேரம் முடிந்துவிட்டது. டிரை கேஸ் சீல் பற்றிக் கேட்பதாகச் சிலர் சொல்லியிருந்தார்கள்; அதிலிருந்தே கேள்விகளைத் தொடங்கலாம்.